மலைக் கழுகுக்கு முப்பத்தொரு முடிச்சு

எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை ஷட்டரில் கழுகு இருக்கிறது. ஷேர் ஆட்டோ கண்ணாடியில் இருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் சிமெண்டில் செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். வானத்தில் மட்டும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் பிறந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் நான் அதைப் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அது மலைக்கு வருவதை நிறுத்திவிட்டது.

அம்மா பார்த்திருக்கிறாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பா மலைப்படியில் மோர் விற்றார். அவருக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் தினமும் உச்சிவேளைக்கு மலைமேல் போய் நின்றுவிடுவாளாம். இரண்டு வரும். பாறையில் இறங்கும். குருக்கள் வைக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு மூக்கைப் பாறையில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டு போய்விடும். "கோழி மாரியே நடக்கும்டி, எட்டு வச்சி எட்டு வச்சி" என்று அம்மா கூடத்தில் நடந்து காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு வீட்டுப் பிள்ளைகள் அம்மாவின் நகைக்கு ஆசைப்படுவார்கள். நான் அவள் கண்ணுக்குப் பொறாமைப்பட்டேன்.

செங்கல்பட்டில் விலங்கியல் எடுத்துப் படித்ததே அந்தப் பொறாமையில்தான். கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது, அது கழுகு இல்லை. பாறு. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், செத்ததைத் தின்று பிழைக்கிற பறவை. பொங்கல் தின்றது எங்கள் ஊருக்காகச் செய்த மரியாதை போலிருக்கிறது. உலகத்தில் அது குறைந்துகொண்டே வருகிறது என்றும், ஓமன் நாட்டுக் குன்றுகளில் இன்னும் கூட்டமாக இருக்கிறது என்றும் படித்தேன். அன்றிலிருந்து ஓமன் என்கிற மூன்று எழுத்து எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது.

முதுகலை முதல் வருடத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. ஓமனில் ஆறு வாரம், பாறுகளைக் கணக்கெடுத்துக் காலில் வளையம் மாட்டும் ஆய்வுக் குழு. மாணவர்களுக்குச் சில இடங்கள். நான் தேர்வாகிவிட்டேன். கடைசி வரியில் ஒரு குண்டு: விமானச் சீட்டு, காப்பீடு, முகாம் செலவில் பங்கு எல்லாம் அவரவர் பொறுப்பு. இரண்டு மாதத்துக்குள் கட்டி உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அப்பா மறைமலை நகர் கம்பெனியொன்றில் ஒப்பந்தத்துக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிறாள். வீட்டில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு நானும் பஸ் ஏறினேன். ரிசார்ட்டில் குழந்தைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்டுகிற வேலை. கடலைப் பார்த்த ஒரு குடைக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். எல்லோருக்கும் புலி வேண்டும், இல்லையென்றால் பட்டாம்பூச்சி. ஒருநாள், எது வேண்டுமானாலும் வரையுங்கள் அக்கா என்று ஒரு பெண் முகத்தை நீட்டினாள். ஆசை விடவில்லை. மஞ்சள் முகமும் பிடறியில் வெள்ளைச் சிலிர்ப்புமாக நல்ல பாறு ஒன்று வரைந்துவிட்டேன். அவளுடைய அம்மா வந்து பார்த்து, "இது என்ன, கோழியா?" என்றாள். கழுவிவிட்டு பட்டாம்பூச்சி போட்டேன்.

இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம் திறந்தேன். இதயக்குறி குவிந்தது, பணம் சொட்டியது. பேராசிரியர் கொடுத்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அறக்கட்டளை, கம்பெனி என்று படியேறி இறங்கினேன். ஒரு இடத்தில், "பொண்ணு படிப்புக்குன்னா ஏதாச்சும் செய்யலாம். பறவைக்குன்னா எப்படிம்மா?" என்றார்கள். நான் பெண்தான், படிப்புதான் என்று சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மாதம் போயிருந்தது. பாதிகூடத் தேறவில்லை.

அப்போதுதான் அம்மா களத்தில் இறங்கினாள். என்னிடம் சொல்லவே இல்லை. தெருத் தெருவாகப் போய் தன் பாஷையில் சொல்லியிருக்கிறாள்: "நம்ம மலைக் கழுவு எங்க போயிட்சின்னு தெரிஞ்சிபோச்சி. எம் பொண்ணு பாக்கப் போவுது."

அவ்வளவுதான். காலையில் பல் விளக்கும்போதே ஆள் வரும். மாலை நான் வீடு திரும்பும்போதும் ஆள் இருக்கும். எல்லோர் கையிலும் மஞ்சள் துணியில் முடிந்த சின்ன முடிச்சு. அம்மா இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். இரண்டே வாரத்தில் மாடத்தில் இடம் இல்லை. முப்பத்தொன்று. சிலவற்றில் ரூபாய்த் தாளின் ஓரம் தெரிந்தது. இந்த ஊரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரி பகல் என்று இல்லாமல் ஓமன் குன்றுகளில் ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் முடிச்சை எடுத்துப் பிரிக்கப் போனேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற? அது சாமி காசு."

"டிக்கெட்டுக்குத்தானே குடுத்தாங்க?"

"டிக்கெட்டுக்கு யாருடி குடுத்தா? வேண்டிகினு முடிஞ்சி குடுத்துகிறாங்க. நீ எடுத்துகினு போயி அதுங்க முன்னால வைக்கணும். வழியில அவுத்து செலவு பண்ணலாமா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மகளுக்குக் குழந்தை தங்க வேண்டும், பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும், கிட்னியில் கல் கரைய வேண்டும் என்று ஊரே என் மூலமாக ஓமனுக்குக் காணிக்கை அனுப்பியிருந்தது. போகிறவளுக்கு வழிச்செலவு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விமானத்தில் போகிற அளவுக்குப் படித்த பெண்ணுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "அது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. செத்த மாட்டைத் திங்கிற பறவை. நான் ஆராய்ச்சிக்குப் போறேன், உங்க வேண்டுதலுக்கு இல்ல" என்று கத்தினேன். அம்மா திருப்பிக் கத்தவில்லை. "சரி, நீயே போயி கேளு. எடுத்துக்கோன்னுதான் சொல்லுவாங்க. கேட்டுட்டு வா" என்றாள்.

எதிர்வீட்டுக்குத்தான் முதலில் போனேன். பஸ் நிலையத்தில் பூக்கட்டி விற்கிற அக்கா. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். நான் வாயைத் திறப்பதற்குள் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். பிறகு போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினாள்.

"மூஞ்ச நல்லா பாத்துக்கோ. அது தலைக்கு மேல சுத்தும்போது இவள நெனச்சிக்கினா போதும். எப்ப கெளம்புற?"

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது வீட்டுக்குப் போகவில்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அப்பா எங்கேயோ கடன் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து, வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். வர இயலவில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்பினேன். அவர்களும் வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதினார்கள். என் இடம் வேறு மாநிலத்து மாணவி ஒருத்திக்குப் போனது. அந்த வாரம் முழுக்க எனக்கு யாரையும் பிடிக்கவில்லை, அந்தப் பறவையையும் சேர்த்துத்தான்.

முடிச்சுகளைத் திருப்பிக் கொடுக்க அம்மாவும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒருவரும் வாங்கவில்லை. "அடுத்த வருசம் போவ இல்ல? அப்ப எடுத்துகினு போ" என்று பூக்கார அக்கா கதவோரம் நின்று சொன்னாள். ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு இன்னொரு வருடம் பெரிதில்லை போலிருக்கிறது. எனக்குப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் மலையைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் இடத்துக்குப் போன மாணவி நல்ல பெண். ஓமனிலிருந்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஐம்பது அறுபது பாறுகள். குன்றில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு குப்பைக் கிடங்கில். பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே, கிழிந்த மெத்தை மேலே, எட்டு வைத்து எட்டு வைத்து நடந்துகொண்டிருந்தன. சின்ன வயதில் பார்த்ததை அம்மா அப்படியே நடந்து காட்டியிருக்கிறாள், ஒரு பிசகு இல்லை. பார்த்ததும் அழுதேன். நான் பார்க்க வேண்டியதை வேறொருத்தி படம் பிடித்திருந்தாள்.

குப்பை மேட்டில் நிற்பதை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாள் மறைத்து வைத்தேன். மூன்றாம் நாள் அவளே போனில் பார்த்துவிட்டாள். எழுந்து போய் தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு வந்தாள். ஏழெட்டுப் பேர் என் போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

பூக்கார அக்காதான் முதலில் பேசினாள். "ஐய, இளைச்சிப் போச்சே."

"சோறு போட ஆளில்ல போல கீது அங்க" என்றாள் இன்னொருத்தி.

"நம்ம ஊர்ல இருந்தப்ப எப்டி இருந்துச்சி" என்றாள் அம்மா. துபாய்க்கு வேலைக்குப் போன பிள்ளையின் போட்டோவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். யாரும் கும்பிடவில்லை. குப்பையைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ போனா ஒழுங்கா பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். இத்தனை நாள் நான் மட்டும்தான் ஏங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

இந்த வருடத்து விண்ணப்பம் திறந்ததும் முதல் நாளே அனுப்பிவிட்டேன். பணம் இன்னும் முழுதாகச் சேரவில்லை. ரிசார்ட்டில் இப்போது மருதாணியும் போடுகிறேன். விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று அம்மா கேட்டாள். முடிச்சுகளைக் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறாள், சில்லறை அதிகம் என்பதால் மூன்று கிலோ வருகிறதாம். பெட்டியில் அதற்கு இடம் விட்டுத்தான் மற்றதை வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் மாடத்தைத் துடைக்கும்போது எண்ணிப் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு இருக்கிறதே, யார் வந்து கொடுத்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன். பழைய மஞ்சள் துணியில் ஓர் ஓரத்தைக் கிழித்து, அன்றைக்கு மருதாணிக்கு வந்த காசிலிருந்து ஒரு ரூபாய் வைத்து, அதை நான்தான் முடிந்து வைத்தேன்.