கலியாணக் கேக்கில் ஒரு நீல ரோசாப்பூ

எங்கள் ஊர்க் கலியாணக் கேக்கில் கேக் இருக்காது. தெரியாதவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல்தான் ஒரு வருஷத்துக்கு மேல் நான் செத்துப் பிழைத்தேன். மேசையில் மூன்று தட்டாக நிமிர்ந்து நிற்பது வெறும் ரெஜிபோம். புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி அடைத்து வருமே, அந்த வெள்ளைச் சாமான். அதன்மேல் ஐசிங் பூசி, பூ வைத்து நிறுத்துவோம். அடித்தட்டில் மட்டும் ஒரு சின்னப் பொந்து வெட்டி, உண்மையான கேக் துண்டு ஒன்றை அதற்குள் வைத்து மூடிவிடுவோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கத்தியை அந்த இடத்தில்தான் இறக்க வேண்டும். வந்தவர்களுக்குக் கொடுக்கிற கேக் வேறு. அது குசினியில் துண்டு துண்டாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, கையால் மடித்த மட்டைப் பெட்டிகளில் இருக்கும். இதில் ஒரு களவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கைதட்டுவார்கள்.

சண்டைக்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அக்காவின் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தேன். கலியாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு குளிர்நாட்டில் இருந்தார், அந்த நாட்டுப் பாஸ்போட்டும் வைத்திருந்தார். அவருக்கு லீவு கிடைக்கும்வரை நான் கேக் ஐசிங் வகுப்புக்குப் போனேன். அந்த வகுப்பில் பாதிப் பேர் என்னைப்போல மாப்பிள்ளைக்கோ விசாவுக்கோ காத்திருந்தவர்கள். எவர்சில்வர் தட்டின் முதுகில் ரோசாப்பூப் பிழிவோம், சுரண்டி எடுப்போம், திரும்பப் பிழிவோம். கை பழகியதோ இல்லையோ, பொழுது போனது.

விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் ஹெவ்லொக் டவுனில் இருந்தார். ஓய்வுபெற்ற கிளாக்கர். நாங்கள் அவரைப் பைல்காரர் என்போம். கலியாணத்துக்கு முன்பே அவரிடம் போனோம்.

"தங்கச்சி, வெள்ளைக்காரனுக்குத் தாலி விளங்காது, கேக் விளங்கும்" என்றார். "கேக் வெட்டுற படம் வேணும், மாப்பிளை உமக்குக் கேக் தீத்துற, வாயில ஊட்டுற படமும் வேணும். அது ரெண்டும் இல்லாமல் என்னட்ட வரவேண்டாம்."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை எங்கே? கலியாணத்தைவிடக் கேக்தான் பெரிய பயமாகிவிட்டது. வெளியே செய்யக் கொடுத்தால் பிழையாகிவிடும் என்று நானே செய்வதாக நின்றேன். "நீ பொம்பிளையோ கேக்காரியோ?" என்று அக்கா கத்தினாள். புறக்கோட்டைக்குப் போய் ரெஜிபோம் வாங்கி வந்தோம். பட்டர் கேக் போட்ட முதல் நாள் பாதியில் கரண்ட் போய், கேக் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது கேக் தப்பியது. ஐசிங்கைக் கடற்காற்று விடவில்லை. பிழிந்த பூ மத்தியானத்துக்குள் வியர்த்தது. எறும்புக்குப் பயந்து மேசையின் நாலு காலையும் தண்ணீர்ச் சட்டிகளில் வைத்தேன். பொந்து இருக்கும் இடம் மறந்துபோகாமல் அதற்கு நேர்மேலே ஒரேயொரு நீல ரோசாப்பூ வைத்தேன். மற்ற எல்லாம் மஞ்சள்.

கொட்டாஞ்சேனைக் கோயிலில் காலையில் தாலி கட்டியது. மணவறையில் இருந்தபடியே அவரிடம் மெல்லச் சொன்னேன்:

"இஞ்சாருங்கோ, நீலப் பூவுக்குக் கீழதான் வெட்டவேணும். மற்றப் பக்கமெல்லாம் ரெஜிபோம்."

அவர் தலையாட்டினார். கணவன் மனைவியாக நாங்கள் கதைத்த முதல் கதை அது.

மத்தியானம் வெள்ளவத்தை வீட்டில் கேக் வெட்டு. சனம் வந்திருந்தது, படம் எடுப்பவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்களோடே வந்திருந்தார். கத்தியில் ரிபன் கட்டும்போது, கீழே போயிருந்த அத்தான், அக்காவின் கணவர், மூச்சு வாங்க ஏறி வந்தார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆமி லொறி நிற்கிறது, ஒவ்வொரு மாடியாக வீடு சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். அப்படிப் பதியாத விருந்தாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களின் முகம் வெளிறியது. படம் எடுப்பவர் கமராவைத் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி, எடுக்கிறதெண்டா இப்ப எடுக்கவேணும். பிறகு என்னை எங்க கொண்டுபோவாங்களோ தெரியாது. கெதியா!" என்றார்.

நீலப் பூவுக்குக் கீழே கத்தியை வைத்து இருவருமாக அழுத்தினோம். 'கிரீச்' என்றது. பல்லெல்லாம் கூசியது.

பிறகுதான் தெரிந்தது: காலையில் மேசையை அறையிலிருந்து விறாந்தைக்குத் தூக்கியபோது பூ விழுந்துவிட்டது. நல்ல மனதோடு அக்கா அதை எடுத்து, முன்பக்கம் வடிவாயிருக்கும் என்று அங்கே ஒட்டிவிட்டாள். மேசை திரும்பி, பொந்து பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூ எதற்கு என்று பாவி நானும் அவளுக்குச் சொல்லவில்லை.

மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம். என் கணவர் ஐசிங்கோடு ஒரு துண்டை உடைத்து எடுத்தார்.

"இது கேக் இல்லை" என்றேன், உதடு அசையாமல்.

"தெரியும். வாயைத் திறவும். துப்பாதையும்."

திறந்தேன். கமரா பளிச்சென்றது. அடுத்த நொடி கதவு தட்டப்பட்டது.

உள்ளே நாலு பேர் வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் தாள், அறைகள், அலுமாரி, கட்டிலுக்குக் கீழே. பெரியவராகத் தெரிந்தவர் என் முன்னால் வந்து நின்று சிங்களத்தில் பெயர் கேட்டார். என் வாயில் ரெஜிபோம். விழுங்கவும் முடியாது, கலியாணச் சேலையோடு ஆமிக்காரர் முன்னால் துப்பவும் முடியாது. துப்பினால் என்ன நினைப்பார்களோ! சீனி கரைந்து தொண்டைக்குள் இறங்க இறங்க, மிச்சம் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொருதரம் கேட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் தன் பாஸ்போட்டை நீட்டி, என் பெயரையும் சொல்லி, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "கேக், சேர், கேக்" என்றார். அந்த மனுசர் என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், "லஸ்ஸனய்" என்றார். வடிவாயிருக்கிறது என்று அர்த்தம். அக்கா ஓடிப்போய்க் கேக் பெட்டிகளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிவில்லாத மூன்று பேரின் பெயரையும் எழுதி, நாளைக்குப் பொலிசுக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மூன்று பேரும் மறுநாள் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

கதவு சாத்தியதும் என் கணவர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து என் தாடைக்குக் கீழே விரித்துப் பிடித்தார். நான் துப்பினேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வந்தவர்களோடு கதைக்கப் போனார். இந்த மனுசனோடு இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது. எல்லாமாகப் பத்தொன்பது நாள் லீவு. அவர் போய்விட்டார்.

படங்கள் கழுவி வந்தன. கேக் தீத்துகிற படத்தில் என் கண் இரண்டும் வெளியே வந்து நிற்கிறது. பேயைக் கண்டவள் முகம். பைல்காரர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"வேற இல்லையே?"

"இல்லை. அது ஒண்டுதான்."

"அப்ப இதைத்தான் வைக்கவேணும். ஏன் இப்பிடி முழிக்கிறீர் எண்டு கேட்டா, வெக்கம் எண்டு சொல்லும். என்ன கேக் எண்டு கேட்டா, பட்டர் கேக். ரெஜிபோம் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதையும். கேக்கே பொய்யெண்டா கலியாணமும் பொய் எண்டு நினைப்பினம். அவரிட்டயும் இதே கேள்வியை அங்க கேப்பினம். ஒரு சொல்லு மாறினாலும் பைலை மூடிப்போடுவினம், சரியே?"

அவர் சொன்னதை வகுப்புப் பெண்களும் உறுதிப்படுத்தினார்கள். ஒருத்தி கணவர் காலையில் தேத்தண்ணி குடிப்பார் என்றாளாம், கணவர் கோப்பி என்றாராம், அவ்வளவுதான், விசா இல்லை. உண்மையோ பொய்யோ, அந்தக் கதை என் வயிற்றுக்குள் போய் இருந்துகொண்டது. அதற்குப் பிறகு கொமினிகேசன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று நாங்கள் போனில் கதைத்ததெல்லாம் சோதனைப் பாடம். ஊரில் இளம் தம்பதிகள் வேறு என்னவெல்லாமோ கதைப்பார்கள். எங்களுக்கு,

"என்ர கட்டில் எந்தப் பக்கம்?"

"யன்னல் பக்கம்."

"கேக்?"

"பட்டர் கேக்."

"படத்தில உம்மட முகம்?"

"வெக்கம்."

பதினாலு மாதம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். காலையில் இடியப்பம் இறங்கவில்லை. தூதரகத்தில் ஒரு மேசை. அதற்கு அங்கால் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. கட்டில், யன்னல், தேத்தண்ணி, மாமியாரின் பெயர், எல்லாம் ஓடியது. நான் கடகடவென்று சொன்னேன். பிறகு வெள்ளைக்கார அம்மா அந்தப் படத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏன் இப்பிடிப் பாக்கிறீங்கள் எண்டு கேக்கிறா" என்றார் தமிழ் அம்மா.

"வெக்கம்."

வெள்ளைக்கார அம்மா பேனையைக் கீழே வைத்தார். என்னவோ மெதுவாகச் சொன்னார்.

"இது வெக்கம் இல்லையாம், பயமாம். ஆராவது உங்களை வற்புறுத்திக் கட்டிவச்சவையோ எண்டு கேக்கிறா. பயப்படாமல் சொல்லட்டாம்."

என்ர கடவுளே! ரெஜிபோமில் பயந்த பயம் இப்படியா வந்து நிற்க வேண்டும்? வெட்கம் என்று திரும்பவும் சொன்னால் பைலை இங்கேயே மூடுவார்கள். உண்மையைச் சொன்னால், அங்கே அவர் பட்டர் கேக் என்று சொல்லியிருப்பார், சொல் மாறிவிடும், அப்போதும் மூடுவார்கள். அவரும் உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும்தான் தப்பலாம். சொல்லியிருப்பாரா? பத்தொன்பது நாள் கண்ட மனுசன். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கட்டில் யன்னல் பக்கம் என்பதுகூட மனப்பாடம் செய்ததுதானே. எனக்கே எனக்காகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த லேஞ்சி. அப்படி விரித்துப் பிடித்த ஆள் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேனா, நேர்ந்துகொண்டேனா தெரியாது.

"என்ர வாயில இருந்தது ரெஜிபோம்" என்றேன்.

தமிழ் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எல்லாம் கொட்டிவிட்டேன். பொந்து, நீலப் பூ, அக்கா, சப்பாத்துச் சத்தம், லேஞ்சி. அழுதும் விட்டேன். நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு நேரம் தமிழ் அம்மா சொன்னார். இடையில் கையால் மூன்று தட்டுக் கட்டிக்காட்டி, பொந்தும் வெட்டிக்காட்டினார். வெள்ளைக்கார அம்மா சிரிக்கவில்லை. நிறைய நேரம் எழுதினார். போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தலையில் கைவைத்தாள். "உனக்கென்ன விசரே? வாயைக் குடுத்துக் கெடுத்துப்போட்டியே! அவர் பட்டர் கேக் எண்டு சொல்லியிருந்தா?" போனில் அவரிடம் கேட்கவும் பயம். அந்த நாட்களில் போனை ஆரார் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பதினொரு கிழமை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. கேக் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்த வெள்ளைச் சாமான் திரும்பவும் நாக்கில் வந்து ஒட்டியது.

விசா வந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. சொல்லியிருக்கிறார், மனுசன் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குள்ளே பூரித்துப்போனேன். பிளேனில் பதினைந்து மணித்தியாலமும் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

விமான நிலையத்தில் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். என் பையை வாங்கினார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

"கேக்கைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"எந்தக் கேக்?"

"படத்தில இருக்கிறது. எனக்குத் தீத்தினது. உங்களையும் விசாரிச்சவையெல்லே?"

"என்னை ஒருத்தரும் ஒண்டும் விசாரிக்கேல்லை. சம்பளத் துண்டு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்."

தள்ளிக்கொண்டு வந்த பெட்டியை நிறுத்தினேன்.

"விசாரிச்சிருந்தா?"

"விசாரிச்சிருந்தா பட்டர் கேக் எண்டு சொல்லியிருப்பன்" என்றார், இதில் என்ன கேள்வி என்பதுபோல. "அதைத்தானே ரெண்டு பேரும் மாசக்கணக்காப் பாடமாக்கினனாங்கள். ஏன், நீர் என்ன சொன்னனீர்?"

சனம் போய்வரும் வழியில், பெட்டியின் மேல் அப்படியே இருந்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பதறிப்போய் எனக்கு முன்னால் குந்தினார். "சத்தி வருகுதே?" என்று வாந்திக்குப் பயந்து கேட்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டு லேஞ்சியை எடுத்து, என் தாடைக்குக் கீழே விரித்துப் பிடித்தார்.