தோமினிக் வக்கீல் நிற்காத வழக்கு

சேலம் கோர்ட்டில் தோமினிக்கை ‘மதுவிலக்கு வக்கீல்’ என்பார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள். பிறகு அவரைத் தேடி வருகிறவர்களே அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டார்கள்.

அவருடைய அண்ணன் அலெக்ஸ் முப்பத்தொரு வயதில் குடித்தே செத்தான். ரத்த வாந்தி எடுத்தவனை ஆட்டோவில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தோமினிக்தான். வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அந்த வருஷமே கட்சியில் சேர்ந்தார். சிறிய கட்சி. குடி ஒழிய வேண்டும், குடும்பம் கலையக் கூடாது, பெரியவர்கள் வகுத்த ஒழுக்கம் மாறக் கூடாது என்று பேசுகிற கட்சி. இருபத்திரண்டு வருஷம் அதில் உழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவார். மதுக்கடை மறியலில் கைதாகி ஒன்பது நாள் ஜெயிலில் இருந்தார். மறியலில் கைதான பெண்களுக்கெல்லாம் அவர்தான் ஜாமீன் எடுத்தார்.

போன தேர்தலில் கட்சி சேர்ந்த கூட்டணி ஜெயித்தது. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவார்கள். இவர்கள் கட்சிக்கும் சில இடங்கள் உண்டு, யார் யார் என்று கட்சித் தலைவர் பெயர் எழுதிக் கொடுப்பார் என்று பேச்சு. தோமினிக் பெயர் இருக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. மனைவி இசபெல்லா அவருக்குப் புது வக்கீல் கவுன் தைக்கவே கொடுத்துவிட்டார்.

பட்டியல் வந்தது. தோமினிக் இல்லை. குமரன் என்கிற இளம் வக்கீலின் பெயர் இருந்தது. கட்சிக்கு வந்து பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பார் நடத்துகிறவர்களுக்கு வக்கீல். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த மதுக்கடையை மூடச் சொல்லி தோமினிக் போட்ட வழக்கை எதிர்த்து வாதாடி ஜெயித்தவரே அவர்தான்.

கட்சியின் பழைய ஆட்கள் தோமினிக்கின் அறையில் வந்து குமுறினார்கள். ஒருவர் தன் கடை முன்னால் இருந்த கொடிக் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தார். தோமினிக் மாவட்டச் செயலாளருக்குப் போன் செய்தார்.

“தலைவர் யோசிக்காம செய்வாரா? கொள்கை பேச நம்மகிட்ட ஆளு நெறைய இருக்காங்க தோமினிக். கோர்ட்டுல ஜெயிக்கற ஆளு வேணும்னாரு.”

தோமினிக் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் எடப்பாடியிலிருந்து ஆண்டி வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய மகள் ஜோதியைப் புருஷன் குடித்துவிட்டு அடித்தே கொன்றிருந்தான். படியில் விழுந்து செத்தாள் என்பது அவன் தரப்பு. பக்கத்து வீட்டு மதுமதி கண்ணால் பார்த்ததாக மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தாள். வழக்கு குமரன் நடத்த வேண்டிய கோர்ட்டுக்கு வந்திருந்தது.

“கவுருமெண்டு வக்கீலு சின்னப் பையனுங்க. நம்ம பக்கமும் ஒரு வக்கீலு கூட நிக்கலாம்னு சொன்னாங்க. நீங்க நின்னீங்கன்னா எனக்குத் தெம்பா இருக்குமுங்க” என்றார் ஆண்டி.

நிற்கலாம். சட்டத்தில் இடம் இருந்தது. ஒரு மனுப் போட்டால் போதும். இப்படிப்பட்ட வழக்கு என்றால் ஆறு மாதத்துக்கு முன்பு அவரே தேடிப் போயிருப்பார்.

“அதுக்குத்தான் அரசாங்கம் ஆளு போட்டிருக்கே. அவரையே கேளுங்க” என்றார்.

“சரிங்க, வாரேனுங்க” என்று ஆண்டி கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து குமரனே வந்தார். கையில் அதே வழக்கின் கட்டு. “அண்ணா, எனக்கு இதுதான் மொதக் கொலைக் கேஸு. சாட்சியை எப்படிக் கொண்டுபோறதுன்னு நீங்க சொல்லிக் குடுத்தா...”

“தலைவர் உங்களைத்தானே எழுதிக் குடுத்தாரு? போய் ஜெயிங்க.”

குமரனின் முகம் சிவந்தது. உட்காராமலே திரும்பிப் போனார். அன்றைக்கு தோமினிக் பல நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

மதுமதி கூண்டில் ஏறிய நாளில், தன்னுடைய வேறொரு வழக்குக்காக தோமினிக் அந்த அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதுமதி யாரையும் பார்க்காமல் பேசினாள். “சத்தம் கேட்டுச்சுங்க. யாரு அடிச்சாங்கன்னு நான் பாக்கலைங்க.”

அவளை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று தோமினிக்குக்குப் பார்த்ததும் தெரிந்தது. சொன்னதை மாற்றுகிறவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி நீதிபதியைக் கேட்டு, அவள் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். குமரன் காகிதங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். “வேற கேள்வி இல்லீங்க ஐயா” என்று உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி தோமினிக்கின் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த வழக்கில் குமரன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆண்டி கும்பிட்டுக் கேட்டபோது வேண்டாம் என்று விட்ட உரிமை அது.

இரண்டு மாதத்தில் விடுதலைத் தீர்ப்பு வந்தது. பார்த்த சாட்சி இல்லை என்று நீதிபதி எழுதியிருந்தார்.

மேல்முறையீட்டு மனுவைத் தன் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு தோமினிக் எடப்பாடிக்குப் போனார். ஆண்டி தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்துப் போனவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“வேண்டாமுங்க” என்றார் ஆண்டி.

“ஹைகோர்ட்டுல நானே நிக்கறேன். இதுல இன்னும் வழி இருக்கு.”

“அதுக்கில்லீங்க. பேத்தி எங்ககிட்டத்தான் இருந்துச்சு. நாலு வயசு. தீர்ப்பு வந்த மூணாம் நாளு அப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானுங்க. நான் கேசு போட்டா, அவன் ஊட்டுல இருக்கற புள்ளைய என்ன பண்ணுவானோ?”

குழந்தையை ஆண்டியிடமே ஒப்படைக்கக் கேட்டும் மனுப் போடலாம் என்று தோமினிக் ஆரம்பித்தார். “அன்னிக்கு நிக்கறேன்னு சொல்லியிருக்கலாமுங்க” என்றார் ஆண்டி. குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்த் தறியை ஓட்டினார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பேச முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இசபெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். குமரனைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார். “அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது?” என்று கேட்டார் இசபெல்லா.

தோமினிக் கட்சியை விட்டு விலகினார். பதவி கிடைக்காததால் விலகினார் என்றே ஊர் நினைத்தது. பழைய ஆட்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மண்டபத்தில் கூடி, தலைவருக்குக் கண்டனம் தெரிவிக்க அவரையும் அழைத்தார்கள். பேசிய எல்லோரும் தோமினிக்குக்குக் கட்சி செய்த அநியாயத்தைச் சொன்னார்கள். குமரனைப் போட்டதால் ஒரு கொலைகாரன் தப்பினான் என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

தோமினிக் எழுந்தார். “குமரன் எங்கிட்ட வந்து கேட்டாரு. அந்தப் பொண்ணோட அப்பா கும்பிட்டுக் கேட்டாரு. ரெண்டு பேரையும் நான்தான் திருப்பி அனுப்புனேன். அநியாயம் பண்ணுனவங்க கணக்குல என்னையும் சேத்துக்கங்க.”

பிறகு மேசையைத் தட்டியவரே மைக்கை வாங்கி, அடுத்த பட்டியலிலாவது நம் ஆட்களின் பெயர் வர என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தார். தோமினிக் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.