நாங்கள் கேட்ட வரி

1. ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டு நோட்டில் எழுதியவள் நான்.
2. விடுமுறையில் மோகனூருக்குப் போய் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்.
3. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அக்கா அதையே பாடினாள்.
4. நான்காவது வரியில் மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

‘உன்னோட ஊடு வேண்டும்’ என்பதுதான் அந்த வரி.

நான் சேலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் விழுந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பாட்டுக்கு அப்படிச் சரிபார்க்க ஆள் ஏது? வீட்டை ‘ஊடு’ என்னும் எங்கள் ஊர்ப் பேச்சு சினிமாப் பாட்டில் வருகிறதே என்று பெருமைதான் பட்டோம். பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே அடுப்பில் வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லோருக்கும் அது காதல் பாட்டு. எங்கள் இருவருக்கும், நகை வேண்டாம், தனியாக ஒரு வீடு போதும் என்று கேட்கும் பெண்ணின் பாட்டு.

“என்னங்க, வர்றதுக்கு முந்தியே வூட்டக் கேக்குது உங்க பொண்ணு?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“சும்மா பாட்டுத்தானுங்க” என்றார் அப்பா.

“மனசுல இருக்கறதுதான் பாட்டுல வரும். எம் பசங்க மூணு பேரும் ஒரே வூட்டுலதான் இருக்காங்க. தெரியுமில்ல?”

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார்.

“அம்மா, அது வூடு இல்ல. ‘உன்னோடு ஊட வேண்டும்’. பாட்டுப் புத்தகத்துல இருக்கு. செல்லமா கோவிச்சுக்கிறது.”

“கோவந்தானா? அதெல்லாம் ரெண்டு நாள்ல போயிரும்.” அந்த அம்மா டம்ளரை மறுபடி எடுத்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தலையாட்டினால் போதும். தப்பாக எழுதிய எனக்குக் காது சுட்டது. ஆட்டிவிடு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அக்கா. “ஊடுன்னு நெனச்சுத்தான் பாடுனேனுங்க.”

“சும்மா இரு சாமி” என்று அக்காவை அடக்கினார் அப்பா.

“தனி அடுப்பு ஒண்ணு இருந்தாப் போதுமுங்க” என்றாள் அவள்.

மாப்பிள்ளை மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்கள்.

எட்டாம் நாள் அப்பாவுக்குக் கடிதம் வந்தது, மாப்பிள்ளையின் கையெழுத்தில். பெண் பிடித்திருக்கிறது, கடைசித் தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரை பெரிய வீட்டில் இருக்க வேண்டும், அதன் பிறகு தனி அடுப்பு. அக்கா அதைப் படித்துவிட்டாள். சரி என்று இன்னும் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று அப்பா நாள் பார்க்கப் போகவில்லை.