சுகிர்தம் டீச்சரின் பெயர் சொல்லாத ஜெபம்

"ஜெபத்துல எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததே இல்ல. மத்தவங்க ஆமென் சொல்ற இடத்துலதான் எனக்குச் சூடே பிடிக்கும்."

சுகிர்தம் டீச்சர் இதைப் பிரகடனம் செய்தது மாதர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கையில் பாதி கடித்த சமோசாவுடன். அதை யாராலும் மறுக்க முடியாது. போன கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் ஜெபத்தைத் தொடங்கும்போது ஆவி பறந்துகொண்டிருந்த பிரியாணி, அவர் ஆமென் சொல்லும்போது நெய் உறைந்து கிடந்ததைச் சபையார் அனைவரும் தங்கள் நாக்காலேயே அறிந்திருந்தார்கள்.

திருச்சி கே.கே. நகர்ப் பக்கம், பெயர் இங்கே தேவைப்படாத ஒரு சபையில் ஞாயிறு பள்ளியை நடத்துபவர் அவர். வார நாட்களில் தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் கவுண்டரில் நிற்கிறார். வந்தவர் மூக்கில் பிரேமை மாட்டிவிட்டு, "ராத்திரி தூக்கம் இல்லையாங்க, கண்ணு உள்ள போயிருக்கே" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குமேல் அவர் கேட்க வேண்டியதில்லை. வந்தவர் மருமகளில் தொடங்கி மச்சான்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ரசீது வாங்குவார். கணவர் அற்புதசாமி ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள் பேச இடம் கிடைக்காததால் மாடியில் தொட்டிச் செடி வளர்த்து, அவற்றோடு பேசி வருகிறார்.

பிள்ளைகளுக்குத் தீர்க்கதரிசிகளைச் சொல்லிக்கொடுப்பதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

"யோனாவ நினிவேக்குப் போடான்னாரு கர்த்தர். இவரு என்ன பண்ணாரு? வேற ஊருக்குக் கப்பல் ஏறிட்டாரு. மண்ணச்சநல்லூருக்குப் போகச் சொன்னா முக்கொம்பு பஸ்ல ஏறி ஜன்னல் சீட்டப் பிடிச்சு உக்காந்துக்கிற மாதிரி."

எலியாவுக்குக் காகம் அப்பம் கொண்டுவந்த கதையைக் கேட்ட வாரத்தில், வீட்டில் உப்புமா என்று தெரிந்த இரண்டு பிள்ளைகள் மொட்டைமாடியில் தட்டோடு காத்திருந்து வெயிலில் காய்ந்த செய்தியும் உண்டு. ஆனால் டீச்சருக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் தானியேல். ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபித்தவர்.

"ஏன் தொறந்து வெச்சாரு? ஒளிக்க ஒண்ணுமில்ல. ஜெபம்னா வாயத் தொறந்து, விவரமா, சத்தமாச் சொல்லணும். சும்மா 'எல்லாரையும் ஆசீர்வதியும்'னா எப்படி? அட்ரஸ் இல்லாத பார்சல் போய்ச் சேருமா?"

இதில் டீச்சருக்கு ஓர் உயர்ந்த கொள்கையும் இருந்தது. பெயர் சொல்ல மாட்டார். பெயரைச் சொன்னால் அது புறணி, சொல்லாவிட்டால் அது மன்றாட்டு. இந்த நுட்பமான எல்லையை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில் இப்படி ஜெபித்தார்: "ஆண்டவரே, பெயர் சொல்ல விரும்பவில்லை. மூன்றாவது குறுக்குத் தெருவில், நீலக் கேட் போட்ட வீட்டில், வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சகோதரனை நினைத்தருளும்." மூன்றாவது வரிசையில் பக்தியோடு கண்ணை மூடியிருந்த அந்த மனைவி, 'நீலக் கேட்' என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார். மறு வாரம் அந்தக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. விஷயம் வெளியே வந்ததைக் கர்த்தர் பதில் கொடுத்ததாக டீச்சர் வரவு வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை முக்கொம்புக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டிருக்க, ஆனந்தவள்ளி என்ற தாய் மரத்தடியில் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மகள் ஜெருஷாவுக்கு ஒன்பது வயது, டீச்சரின் வகுப்பு. கணவன் சவரிநாதனுக்கு ஷார்ஜாவில் வேலை என்பது ஊரறிந்த விஷயம்.

"டீச்சர், இது யாருக்கும் தெரியாது. அவரு ஷார்ஜாவுல இல்ல."

"பின்ன?"

"திரும்பி வந்து மாசக்கணக்காச்சு. குடி. மண்ணச்சநல்லூர் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்துல சேத்திருக்கோம். பாப்பாவுக்குக்கூடத் தெரியாது. அங்கேருந்து போன் பண்ணி, 'இங்க வெயிலு ஜாஸ்திம்மா'ன்னு அவகிட்ட சொல்லுவாரு. வெயிலு பொய்யில்லையே டீச்சர், இங்கயும் அதே வெயிலுதானே." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "முழுசாத் தேறி வரட்டும், அவரே பாப்பாகிட்ட சொல்லட்டும்னு இருக்கேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது நிஜம். "என்கிட்ட சொன்னா கர்த்தர்கிட்ட சொன்ன மாதிரி, ஆனந்தி. நீ கவலைப்படாதே."

சொன்ன சொல்லை டீச்சர் காப்பாற்றினார். அடுத்த ஞாயிறே கர்த்தரிடம் சொல்லிவிட்டார், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும்.

"ஆண்டவரே, பெயர் சொல்ல விரும்பவில்லை. இந்த வகுப்பில் இருக்கும் ஒரு சிறு பிள்ளையின் தகப்பன், வெளிநாட்டில் இருப்பதாக ஊர் நினைத்திருக்க, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் குடிநோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறார். உமக்குத் தெரியும் ஆண்டவரே..."

வகுப்பில் வெளிநாட்டுத் தகப்பன் இருந்த பிள்ளைகள் இரண்டு பேர். அதில் ஒருவனுடைய தகப்பன் லீவில் வந்து, அந்த நேரத்தில் கீழே எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். மிச்சக் கணக்கைப் போடப் பிள்ளைகளுக்கு டீச்சர் தேவைப்படவில்லை. சில தலைகள் திரும்பின. டீச்சர் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஜெருஷா வந்து நின்றாள். "டீச்சர், பேர் சொல்லலன்னா யாருன்னு கர்த்தருக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு அடையாளம் போதும், கண்ணு."

ஜெருஷா கொஞ்ச நேரம் தன் கலர் பென்சில் டப்பாவை மூடித் திறந்தாள். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள்.

அருமையான கேள்வி என்று டீச்சர் அன்று மதியம் கணவரிடம் சொல்லி மகிழ்ந்தார். "எந்தப் புள்ள கேட்டுச்சு?" என்றார் அற்புதசாமி. ஜெருஷா என்றதும் அவர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தி, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மிச்சத்தை அற்புதசாமி செடிகளிடம் சொல்லியிருக்கக்கூடும்.

பாலர் ஞாயிறு வந்தது. வருடத்தில் ஒருநாள் பிள்ளைகளே ஆராதனை நடத்துவது வழக்கம். தீர்க்கதரிசிகள் வேஷத்தில் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து, இன்னார் என்று சொல்லி, சொந்தமாக ஒரு ஜெபம் செய்ய வேண்டும். பஞ்சுத் தாடி எலியாவும், தன்னை விழுங்கிய திமிங்கிலத்தை அட்டையில் செய்துகொண்டு யோனாவும் தயாரானார்கள். ஜெருஷா மட்டும், தான் அன்னாளாக வருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாமுவேல் தீர்க்கதரிசியைப் பெற்ற அம்மா. பிள்ளை இல்லாத துக்கத்தில் கோவிலுக்குப் போய், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தவள். வாசலில் உட்கார்ந்திருந்த ஏலி என்ற ஆசாரியர் அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினார். டீச்சரின் ஜெபக் கொள்கைக்கு இந்த அன்னாள் கொஞ்சம் இடைஞ்சல். அதனால் அந்த இடத்தை, "அந்தக் காலத்துல மைக் இல்ல பிள்ளைகளா" என்று சொல்லி வேகமாகக் கடந்துவிடுவது அவர் பழக்கம்.

அன்றைக்கு ஆலயம் நிறைந்திருந்தது. அம்மாவின் ஊதாத் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு ஜெருஷா மைக் முன்னால் வந்தாள். "நான் அன்னாள்" என்றாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

சத்தம் இல்லை.

ஒலிபெருக்கிக்காரர் ஒரு குமிழைத் திருகினார். பிறகு இன்னொன்றை. பக்கவாட்டில் நின்ற டீச்சர், "சத்தமா, சத்தமா" என்று கையால் சைகை காட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மேடையேறிக் குழந்தையின் தோளைத் தொட்டார்.

"என்னம்மா, சத்தமே வரல?"

"அன்னாள் இப்படித்தான் பண்ணாங்க டீச்சர்."

"அது சரி கண்ணு, எங்களுக்குக் கேக்க வேணாமா?"

ஜெருஷா யோசித்தாள். அவளுக்கு யாரையும் மட்டம் தட்டும் எண்ணம் இல்லை. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னாள்: "உங்களுக்குக் கேட்டா, அடுத்த வாரம் நீங்க அத ஜெபத்துல சொல்லிடுவீங்களே டீச்சர்."

அதுவரை பழி சுமந்த மைக், இந்த ஒரு வாக்கியத்தை ஓர் எழுத்துச் சேதாரம் இல்லாமல் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கேட்டின் நிறத்தை நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பச்சைக் கேட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றி வாசித்தார். அவர் மனைவி மட்டும் நிமிர்ந்து டீச்சரையே பார்த்தார்.

மைக்கின் முன்னால் டீச்சர் அதுவரை பேசாமல் நின்றதில்லை, ஆகவே இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த நாடகத்தில் ஒரு வேஷத்துக்கு மட்டும் ஆள் போடாமல் விட்டிருந்தார். அதட்டும் ஏலி. எந்தப் பிள்ளையும் அதைக் கேட்கவில்லை. அந்த வேஷத்தை இத்தனை பேர் பார்க்கத் தானே கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் புரிந்தது. குழந்தையின் தோளிலிருந்து கையை எடுத்தார். இறங்கும்போது படி இருப்பது தெரியாமல் தடுமாறினார்.

ஆராதனை முடிந்து வளாகத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஆனந்தவள்ளி குழாயடியில் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போய் நின்றார்.

"ஆனந்தி, நான் பேரு சொல்லல..." வாக்கியம் பாதியில் நின்றது. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"நான் உங்ககிட்டதான் சொன்னேன் டீச்சர். ஊர்கிட்ட சொல்லல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க வகுப்புல ஜெபம் பண்ண அன்னைக்கு பாப்பா வந்து, 'அப்பா மண்ணச்சநல்லூர்லயா இருக்காரு'ன்னு கேட்டா. சோறு வடிச்சிட்டிருந்தேன், கையில கொட்டிக்கிட்டேன். அதுகூடப் பரவாயில்ல. மறுபடி அவரு போன் பண்ணப்ப இவ என்ன பண்ணா தெரியுமா? 'ஷார்ஜாவுல வெயிலு ஜாஸ்தியாப்பா'ன்னு இவளே எடுத்துக் கொடுக்கிறா. அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதாம்."

டீச்சர் டீ டம்ளரைக் குழாயடித் திண்டில் வைத்தார்.

"மன்னிச்சிடு ஆனந்தி."

"நான் இனிமே இங்க வர்றதா இல்ல டீச்சர். பாப்பா வந்தா வரட்டும். அது அவ இஷ்டம்."

அந்த வாரம் கண்ணாடிக் கடையில் ஒரு முதியவர் தானாகவே தம்பி வீட்டுத் தகராறை ஆரம்பித்தார். "ஐயா, வேணாங்க. பவர் மட்டும் சொல்லுங்க" என்றார் டீச்சர். முதியவர் அவமானப்பட்டவர்போல் ரசீதை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் நிலவிய அமைதியில் அற்புதசாமி பயந்துபோய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே, நான் விடலையா?"

"என்னைக்கு?" என்றார் அவர். கேள்வியில் குறும்பு இல்லை. அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருந்தன.

ஞாயிறு வந்தது. டீச்சர் எரேமியாவைத் தொடங்கினார். எனக்குப் பேசத் தெரியாது, நான் சின்னப்பிள்ளை என்று கர்த்தரிடம் மறுத்த தீர்க்கதரிசி. பாதிக் கதைவரை அவர் கண் வாசலிலேயே இருந்தது. கடைசியில் ஜெருஷா வந்தாள், தனியாக. கதவோரத்தில் உட்கார்ந்தாள்.

ஜெப நேரத்தில் எழுந்து வந்து, டீச்சரின் காதருகே சாய்ந்து கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா அப்பாவப் பாக்கப் போயிருக்காங்க. ஜெபம் பண்ணுங்க டீச்சர். யாருக்குன்னு சொல்ல வேணாம்."

டீச்சர் தலையாட்டினார். பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள், இன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும் என்ற பழகிய பொறுமையோடு.

"ஆண்டவரே" என்றார் டீச்சர்.

வழக்கம்போல் அடுத்து 'உமக்குத் தெரியும்' என்பது தொண்டைவரை வந்தது. வந்து நின்றுவிட்டது. தெரியும்தானே. தெரிந்தவருக்கு மேற்கொண்டு என்ன சொல்வது என்று தேடினார். கிடைத்த வாக்கியத்திலெல்லாம் ஒரு தெருவும் ஒரு கேட்டும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். மிச்சம் எதுவும் இல்லை. உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. மேலே மின்விசிறி கடகடத்தது. ஒரு பிள்ளை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான், பிறகு பக்கத்தில் இருந்தவளும். ஜெருஷா மட்டும் திறக்கவில்லை.

"டீச்சர்" என்றான் முதல் வரிசைப் பொடியன், மெதுவாக. "முடிஞ்சிடுச்சா?"

"இல்ல கண்ணு," என்றார் டீச்சர், அதைவிட மெதுவாக. "இன்னும் ஆரம்பிக்கவே வரல."