பழைய டயர் கேட்டவர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத கடைக்காரன் நான். ஆனாலும் மயிலாப்பூர் வக்கீல்கள் குதிரை ஜட்காவில் போன காலத்திலேயே சொந்த மோட்டார் சைக்கிளில் போனவன். அதற்குப் புது டயர் வாங்க ராயப்பேட்டைக் கடைக்குப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். நொச்சிக்குப்பத்து மீனவர். உப்புக்காற்றில் செம்பட்டையான தலை. கடைக்குள் நிற்கும்போதும், தூரத்துப் படகைத் தேடுகிறவர் மாதிரி கண்ணுக்கு மேல் கை வைத்தே பேசினார்.

“பழைய டயரை இன்னா பண்ணப் போற நைனா?”

“என் கடை வாசல்ல மாட்டப் போறேன். நாலு பேரு பாக்க வேணாமா?”

“எனக்குக் குடு. செருப்பு தெச்சிக்கிறேன். என் பொஞ்சாதி மீன்கூடையோட தார்ரோட்ல நடந்து, காலு கொப்பளிச்சிக் கீது.”

மாட்டிப் பெருமைப்படும் ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். மனைவியின் பாதத்தை அளந்த கயிற்றை இடுப்பிலிருந்து எடுத்து டயர்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு ஜோடிக்கு மேலேயே தேறும். அவர் காலிலும் செருப்பில்லை.

“உனக்கும் ஒண்ணு தெச்சுக்கய்யா” என்றேன்.

“எனக்கு இன்னாத்துக்கு? கடலு சுடுமா நைனா?”

சிரித்தபடி, டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொதிக்கிற ரோட்டில் இறங்கி அவசரமே இல்லாமல் நடந்தார். எத்தனையோ பெரிய மனிதர்களோடு பழகியவன் நான். அந்த நடையை மட்டும் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.