மேலே திருப்பிய புகைக்குழாய்

திருவொற்றியூரில் ஹீட்டர் மாட்டுகிறேன் என்று ஒருவன் கடை போர்டில் எழுதினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? பிராங்கிளினைப் பார்த்தும் சிரித்தார்கள். லாரி எலெக்ட்ரீஷியனான அவனோ அசரவில்லை. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி காஷ்மீர் வரைக்கும் போகிற வண்டிகள் இருக்கின்றனவே. அந்தக் குளிருக்காகத்தான் இந்த ஹீட்டர்: சீட்டுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. அது டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை இழுத்து எரித்து, கேபினுக்குள் சூடான காற்றை ஊதும். எரிந்த புகை தனிக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும்.

அங்கேதான் நம்ம ஆள் தன் புத்தியைக் காட்டினான். ஒரு மழைக்கே எண்ணூர் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எந்தக் குழாயையும் தரையைப் பார்த்து விடுவதில்லை. அவனும் பழக்கதோஷத்தில் அந்தப் புகைக்குழாயை கேபினின் முதுகோடு மேலே ஏற்றிக் கட்டினான். அப்படி மாட்டிய முதல் வண்டியை அவன் மனைவி கரோலினின் தம்பி ஜெரால்ட் காஷ்மீருக்கு ஓட்டிப்போனான்.

அடுத்தது இன்னொரு டிரைவரான நசீரின் லாரி. அதிலும் அதே வேலை. ஒரு மத்தியானம் பிராங்கிளின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டு, வேர்க்க வேர்க்க உள்ளே உட்கார்ந்து சோதித்தான். சாப்பாடு கொண்டுவந்த கரோலின் பார்த்தபோது ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தான். அவளும் நசீரும் சேர்ந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

கண்ணைத் திறந்தவனுக்குத் தலை வெடித்தது. நசீர் கேபினின் பின்பக்கத்தைக் காட்டினான். குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே கேபினுக்குள் காற்று போகிற துவாரம். கடற்காற்று அந்த விஷப்புகையை அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தது.  ஜெரால்டும் கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதானே கேபினில் படுப்பான்?

உடனே ஜெரால்டின் போனுக்கு அடித்தான். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் ஜெரால்ட் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, பனி கொட்டுது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்று சொல்லியிருந்தான். அந்த போன் அணைந்து கிடந்தது. லாரி ஆபீசில் கேட்டால், ரோடு திறந்தால்தான் தகவல் வரும் என்றார்கள். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கரோலின் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் ஜெபமாலையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

காலையில் புது நம்பரிலிருந்து போன் வந்தது. ஜெரால்டின் குரல் கேட்டதும் பிராங்கிளினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனைப் பேசவே விடவில்லை ஜெரால்ட்.

"மாமா, உன் ஹீட்டரு சூப்பரு. பக்கத்து வண்டி டிரைவரு, வயசானவரு, குளிர்ல நடுங்கிகினு இருந்தாரு. அவர நம்ம வண்டில படுக்க வச்சிட்டு நான் டாபாவுல பட்த்துகினேன். இன்னும் எயிந்துக்கல, நல்லா தூங்கறாரு."

பிராங்கிளின் போனுக்குள் கத்தினான்.

"மச்சான், ஓடு. கதவத் தொற. பொகை உள்ள வருது, அவர வெளிய இஸ்துப் போடு."

ஜெரால்ட் காரணம் கேட்கவில்லை. டாபாக்காரரின் போனோடே ஓடினான். பனியில் பூட்ஸ் மிதிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். "சாச்சா, சாச்சா" என்று அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு ஜெரால்ட் கத்தினான்.  சாவி திரும்பியது. கரோலினின் நகம் பிராங்கிளினின் தோளில் பதிந்திருந்தது. கனமான எதையோ இழுக்கிற சத்தம். மறுபடியும் "சாச்சா". அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிராங்கிளின் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் யாரென்றே தெரியாத ஒரு கிழவர் தெரிந்தார்.

பிறகு போனில் ஒரு இருமல். அதைத் தொடர்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி யாரோ ஓங்கரித்தார்கள்.

"உசுரு கீது மாமா" என்றான் ஜெரால்ட்.

ஒரு மனுஷன் வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழுத ஆள், எனக்குத் தெரிந்து பிராங்கிளின் ஒருவன்தான்.