பந்தலைப் பிடித்த ரயில் கல்

ரயில் பாதைக்கு அளவெடுக்கிறவன் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எப்ப வரும்?" தேனியைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகிவிட்டன. உத்தமபாளையம் பக்கமிருந்து தினமும் வேலைக்கு வந்து போகிற கூட்டமும் பெருகிவிட்டது. அவர்களுக்காகப் புது லைன் போட அளக்க வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பஸ் படிக்கட்டில் தொங்கும் உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கலாம். நானும் அதே படிக்கட்டில்தான் தொங்குகிறேன்.

கம்பி

உத்தமபாளையம் தாண்டி மலைச்சாமி அண்ணனின் திராட்சைத் தோட்டம். பாதை அதன் நடுவே போவதாக இருந்ததால், ஓரத்தில் எங்கள் அளவுக் கல்லை நட்டுவிட்டு வந்தோம். மறுபடி போனபோது, பந்தலின் மூலைக் கல்தூணை இழுத்துப் பிடிக்கிற கம்பியை அந்தக் கல்லில் கட்டியிருந்தார்.

அவிழ்க்கச் சொன்னேன். கொடி வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "நீங்க ரயிலு விடுற வரைக்கும் சும்மாதான தம்பி நிக்கப்போகுது? அதுவரைக்கும் பந்தலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

ஹெல்மெட்

தேனியை ஒட்டிய அல்லிநகரத்துக்கு வெளியே நாங்கள் அளக்கும் இடத்துக்கே ஒரு மனை வியாபாரி ஆட்களைக் காரில் கொண்டுவந்து இறக்குவார். "ஸ்டேஷன் இங்கனதான் வருது. ரயில்வே சாரே நிக்கிறாக பாருங்க" என்று என் மஞ்சள் ஹெல்மெட்டைக் காட்டுவார். நான் சாரும் இல்லை, ரயில்வேயும் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். மனை பார்க்க வந்தவர்களில், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், அவர் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரயிலு கெடக்கட்டும்ணே, இங்கன பஸ்ஸு நிக்குமா?"

நடவா, வேணாமா?

அடுத்த முறை மலைச்சாமி அண்ணனிடம் அந்தக் கிண்டல் இல்லை. கொடிகளுக்கு வயதாகிவிட்டது, காய்ப்பு இல்லை. புதுக்கொடி நட்டால் பலனுக்கு வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரயில்காரர்கள் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டால் பட்ட பாடெல்லாம் மண். "நடவா, வேணாமா? ஒத்த வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றார்.

அவர் எதிரிலேயே என் அதிகாரிக்குப் போன் போட்டேன். பதில் வந்தது: "நடச் சொல்லவும் வேண்டாம், நட வேண்டாம்னு சொல்லவும் வேண்டாம். பாத்துச் சொல்றோம்னு சொல்லு."

சொன்னேன். வேறென்ன செய்ய?

கல் பிடுங்கியது

பார்த்தார்கள், பார்த்தார்கள், கடைசியில் பாதையையே மாற்றினார்கள். தோட்டத்தை விட்டு விலகி மேற்கே போகிறதாம். பழைய கல்லைப் பிடுங்கிவர என்னை அனுப்பினார்கள். நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் முதல் பஸ்ஸிலேயே ஏறினேன்.

போய்ப் பார்த்தால் பந்தலைக் காணோம். கொடியும் இல்லை, தூணும் இல்லை. வெறும் மண், ஓரத்தில் எங்கள் கல். "பாதை மாறிருச்சுண்ணே, இனிமே நீங்க நடலாம்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கடப்பாரையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பந்தக்கல்லு எல்லாத்தையும் பிடுங்கி வித்துப்புட்டேன் தம்பி. உங்க கல்லை மட்டும் தொடலை. சர்க்கார் கல்லாச்சே."

இத்தனை வருஷத்தில் அந்த ரயில் பாதை நெடுகப் போய்வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டு.